பிள்ளைக்கு முட்டு, தாய்க்குப் பழி

ஒரு பிள்ளைக்கு முட்டு எண்டு கதை தொடங்கினால், எங்கட ஊரில் இரண்டாவது வசனத்திலேயே தாய் வந்துவிடுவார். "பின்னேரத்தில தலைக்கு வார்த்திருப்பா." "ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்திருப்பா." "பொத்திப் பொத்தி வளர்த்தா வேற என்ன நடக்கும்?" அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் இதே தாய்தான் என்பது நாலாவது, ஐந்தாவது வசனத்தில் வரும். சிலவேளை வராமலே கதை முடிந்துவிடும்.

இது ஏதோ எங்கட அம்மம்மாக்களின் பழங்கதை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிட்டத்தட்ட இதே கதையை வெள்ளைக் கோட்டுப் போட்ட நிபுணர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் அமெரிக்காவில், ஆய்வுக் கட்டுரைகளாக, பெரிய பெரிய சொற்களோடு. பிள்ளையின் மூச்சு இழுபடுவதற்கு வீட்டில் இருக்கிற ஆட்களே காரணம் என்று நம்பி, பிள்ளையை வீட்டிலிருந்து ஒன்றரை இரண்டு வருடங்களுக்குப் பிரித்து வைத்த ஒரு காலம் இருந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர், ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கமெராவில் பிடித்துக் காட்டி, வைத்தியர்களிடம் நல்லாத் திட்டு வாங்கினார்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம். இன்று எங்கட சிறுவர் வாட்டில் பிள்ளையின் கட்டிலோடு ஒரு தாய் தங்கி நிற்கிறார் என்றால், அது இயற்கையாக வந்த வழக்கமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பெற்றோரை வெட்டி எடுத்தல்

டொன்சிலை வெட்டி எடுத்தால் டொன்சிலெக்டமி. அப்பெண்டிக்ஸை வெட்டி எடுத்தால் அப்பெண்டிசெக்டமி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆஸ்துமா மருத்துவத்தில் இன்னொரு சொல் புழங்கியது: பேரன்டெக்டமி. பிள்ளையிடமிருந்து பெற்றோரை 'வெட்டி எடுத்தல்'. கேட்க நக்கலாக இருக்கும். ஆனால் அது ஒரு சிகிச்சையின் பெயர்.

இந்தச் சொல்லோடு சேர்த்து நினைக்கப்படுபவர் முறே பெஷ்கின் என்ற நியூயோர்க் வைத்தியர். ஒவ்வாமை நோய்களில், அதிலும் பிள்ளைகளின் ஆஸ்துமாவில் வேலை செய்தவர். அவர் கவனித்த விஷயம் உண்மையானது. சில பிள்ளைகளுக்கு வீட்டில் எந்த மருந்து கொடுத்தாலும் முட்டு அடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் மறித்தால் கொஞ்ச நாளில் சுகமாகிவிடுகிறார்கள். திருப்பி வீட்டுக்கு விட்டால் பழையபடி இழுப்பு. அப்படியென்றால் கோளாறு வீட்டில்தானே இருக்க வேண்டும்? இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே நீண்டகாலம் வைத்துப் பராமரிக்க விடுதிகள் வேண்டும் என்று 1930இல் அவர் எழுதினார்.

அதற்கு ஏற்ற இடம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. காற்று வறண்டது. காசநோய்க்கு அந்தக் காற்று நல்லது என்று நம்பி நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் அங்கே போனார்கள். அப்படிப் போன ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பராமரிக்க 1907இல் ஒரு காப்பகம் தொடங்கியது. பிறகு காசநோய் குறைய, அந்தக் காப்பகம் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கான இல்லமாக மாறியது. பெஷ்கின் அதன் மருத்துவப் பொறுப்புக்கு வந்தார். வேறு வேறு மாநிலங்களிலிருந்து, எதற்கும் அடங்காத ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பொதுவாகத் தங்கும் காலம் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் வரை. பள்ளிக்கூடம், விளையாட்டு, சாப்பாடு, மருந்து எல்லாம் அங்கேதான். அம்மாவும் அப்பாவும் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்.

இந்தப் பிரிவுக்கு ஒரு கோட்பாடும் பின்னால் நின்றது. சிகாகோவில் உளப்பகுப்பாய்வு செய்த ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டரும் தோமஸ் ஃப்ரெஞ்சும் 1941இல் ஆஸ்துமாவின் மனக்காரணிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களின் விளக்கத்தைச் சுருக்கிச் சொன்னால், ஆஸ்துமா இழுப்பு என்பது தாயைத் தேடி வெளியே வரமுடியாமல் தொண்டைக்குள் அடக்கப்பட்ட ஓர் அழுகை. அலெக்ஸாண்டரின் வட்டம் மனதிலிருந்து உருவாகும் நோய்கள் என்று ஏழு நோய்களைப் பட்டியல் போட்டபோது, ஆஸ்துமாவும் அதற்குள் இருந்தது. இந்தக் கோட்பாடு மருத்துவ உலகில் பரவப் பரவ, 'பிள்ளையை மூச்சுவிட விடாமல் அணைக்கும் தாய்' என்ற உருவம் பிறந்தது. ஒட்டிசத்துக்குக் குளிர்ந்த மனம் கொண்ட தாய் காரணம் என்றும், ஸ்கிட்சொஃப்ரீனியாவுக்கும் தாயே காரணம் என்றும் நிபுணர்கள் எழுதியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். அந்தக் காலத்துக்குத் தாய்மேல் ஒரு கண் இருந்தது.

ஒரு நிமிடம் அந்தப் பெற்றோரின் இடத்தில் நின்று பாருங்கோ. இரவிரவாகப் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். ஊரிலுள்ள எல்லா டொக்டரிடமும் போயிருப்பீர்கள். கடைசியில் ஒரு நிபுணர் சொல்கிறார்: உங்கட பிள்ளைக்கு நல்ல மருந்து இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருப்பதுதான் அந்த மருந்து.

ஆனால் பிள்ளைகள் சுகமானார்களே?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. டென்வரில் பல பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்கள். அப்ப பெஷ்கின் சொன்னது சரிதானா?

பார்த்தது சரி. காரணம் சொன்ன இடத்தில்தான் பிரச்சினை. 1964இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் வூர்ஹொர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் வீட்டுத் தூசு ஏன் ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்று தேடி, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணியைக் காட்டினார்கள். அந்த உண்ணிக்கு உயிர்வாழ ஈரப்பதம் வேண்டும். உயரமான, வறண்ட டென்வரில் அது நல்லாப் பெருகாது. ஐரோப்பாவில் ஆஸ்துமாக்காரர்கள் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைநகரத்துக்குப் போய்ச் சுகம் கண்டதற்கும் இது ஒரு காரணம்.

அது மட்டுமா? வீட்டில் புகைபிடிக்கிற அப்பா, பூனை, பூஞ்சணம் பிடித்த சுவர், அடுப்புப் புகை எதுவும் விடுதிக்கு வரவில்லை. மருந்து நேரம் தவறாமல் கிடைத்தது. பக்கத்தில் எப்போதும் தாதியும் வைத்தியரும் இருந்தார்கள். ஆக, பிள்ளையிடமிருந்து வெட்டி எடுக்கப்பட்டது பெற்றோர் மட்டுமில்லை. மெத்தை, தலையணை, புகை, ஈரம் எல்லாமே சேர்ந்துதான் வெட்டப்பட்டன. ஆனால் நிபுணர்களின் கண்ணுக்குத் தெரிந்தது தாயின் முகம் மட்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. பிள்ளையை வீட்டிலேயே விட்டு, குடும்பத்தை வெளியே அனுப்பிப் பார்க்கலாம். டென்வரில் கென்னத் பர்செல் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தார்கள். இரண்டு கிழமைக்குக் குடும்பம் ஒரு ஹோட்டலுக்குப் போனது. பிள்ளை அதே வீட்டில், அதே மெத்தையில், அதே தூசோடு, பெற்றோருக்குப் பதிலாக வந்த ஒருவரோடு இருந்தது. 1969இல் முடிவு வெளியானது. மொத்தம் 25 பிள்ளைகள். உணர்ச்சிவசப்படும்போது முட்டு வரும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட 13 பேருக்குப் பிரிவின்போது ஆஸ்துமா குறைந்தது. மற்ற 12 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை.

இந்த முடிவை அவசரப்பட்டு ஒரு பக்கத்துக்கு இழுக்கக்கூடாது என்று நினைக்கிறோம். வீட்டுச் சண்டை, பயம், அழுகை, ஏன் வயிறு குலுங்கச் சிரிப்புக்கூட சில பிள்ளைகளுக்கு முட்டைத் தூண்டும். அது உண்மை. ஆனால் தூண்டுவது வேறு, உருவாக்குவது வேறு. தீக்குச்சி பற்றவைக்கும், ஆனால் விறகை அடுக்கியது தீக்குச்சி இல்லை.

வரலாற்றின் குறும்பு என்னவென்றால், விறகு எது என்ற கேள்விக்குப் பெரிய விடை வந்ததும் அதே டென்வர் நிறுவனத்திலிருந்துதான். அதன் ஆய்வுகூடத்தில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி வேலை செய்தார்கள். தங்கள் சொந்தத் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து, ஒவ்வாமையைக் காவும் பிறபொருளெதிரியை 1966இல் அடையாளம் கண்டார்கள். இன்று அதன் பெயர் ஐஜிஈ. அழுத்தப்பட்ட அழுகை என்று ஒருகாலம் சொல்லப்பட்டது, அளந்து பார்க்கக்கூடிய ஓர் இரத்தப் பொருளாக வந்து நின்றது. விடுதியில் பெற்றோரைப் பிரித்த அதே கட்டடத் தொகுதியில்தான் பெற்றோருக்கான விடுதலைப் பத்திரமும் எழுதப்பட்டது என்று நாங்கள் சொல்வோம்.

'குழப்படி இல்லாத' பிள்ளை

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஆஸ்துமாவுக்கு மட்டுமென்று தனிக் கோட்பாடு தேவைப்படவில்லை. ஏனென்றால் எந்த நோய்க்கு மறித்தாலும் பிள்ளை தனியேதான். 1949இல் லண்டன் ஆஸ்பத்திரிகளின் பார்வையாளர் நேரத்தைப் பட்டியல் போட்ட ஒரு சிறு கணக்கெடுப்பு வெளியானது. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். சில இடங்களில் பார்வையே இல்லை. சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் முதல் மாதம் பார்க்கவே முடியாது. பின்னேரம் 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வந்து, நித்திரை கொள்கிற பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று தொற்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்னர் டிப்தீரியாவும் சின்னமுத்தும் ஒரு வாட்டையே காலி செய்யக்கூடியவை, ஆகவே அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மற்றக் காரணம்தான் கவனிக்க வேண்டியது. தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடுகிறது. அப்ப தாய் வராமல் இருப்பதுதானே நல்லது?

அந்த 'அமைதி'யை நம்ப மறுத்தவர் ஜேம்ஸ் ரொபர்ட்சன். ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். போர்க்காலத்தில் லண்டனில் அனா ஃப்ரொய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கிற வேலையில் சேர்ந்தார். மனைவி ஜொய்ஸும் அங்கேதான் வேலை. அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன வேலை செய்தாலும், பிள்ளைகளிடம் கண்டதைச் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொதிகலன்காரரும் எழுதினார். பார்த்து எழுதப் பழகியது அங்கேதான். 1948இல் டாவிஸ்டொக் நிலையத்தில் ஜோன் போல்பியோடு சேர்ந்து, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனார்.

அவர் கண்டது மூன்று கட்டங்கள். முதலில் பிள்ளை கத்திக் குழறும். பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கும். கடைசியில் எல்லாரோடும் சிரிக்கும், தாய் வந்தால்கூடப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. தாதிகள் 'இப்ப நல்லாப் பழகிட்டார், குழப்படியே இல்லை' என்று சந்தோசப்படுவது இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான். ரொபர்ட்சனுக்கு அது சுகமான பிள்ளையாகத் தெரியவில்லை. இனி ஒருவரையும் நம்பத் தேவையில்லை என்று முடிவெடுத்த பிள்ளையாகத் தெரிந்தது.

சொன்னால் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் படம் எடுக்கத் தெரியாத மனிதர் ஒரு 16 மில்லிமீற்றர் கமெரா வாங்கினார். சிறிய சத்திரசிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பிள்ளையை எழுந்தமானமாகத் தேர்ந்தார்கள். லோரா என்று படத்தில் பெயர். இரண்டரை வயதும் ஆகவில்லை. 8 நாள் வாட்டு வாழ்க்கை. தான் அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, நாளுக்கு நாள் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். லோரா பெரிதாகக் கத்தவில்லை. அடக்கிக்கொள்கிற பிள்ளை. அந்தச் சின்ன முகம் அழுகையை அடக்கப் படுகிற பாடுதான் படம் முழுக்க.

1952 நவம்பரில் லண்டனில் றோயல் மருத்துவச் சங்கத்தில் படம் காட்டப்பட்டது. கூட்டம் கொதித்தது. இது வழமையான பிள்ளை இல்லை, எங்கட வாட்டில் இப்படி நடப்பதில்லை, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அந்தக் கோபக்காரர்களில் ஒருவர் டெர்மொட் மக்கார்த்தி என்ற குழந்தை வைத்தியர். அவர் கோபத்தோடு தன் வாட்டுக்குத் திரும்பிப் போனார். போய்ப் பார்த்தால், அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் லோரா இருந்தாள். இதைப் பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார். பிறகு தன் வாட்டில் தாய்மார் தங்குவதற்கு இடம் கொடுத்தார். 1958இல் ரொபர்ட்சன் தாயோடு ஆஸ்பத்திரியில் தங்கும் ஒரு பிள்ளையைப் பற்றி இரண்டாவது படம் எடுத்தது மக்கார்த்தியின் வாட்டில்தான்.

அவர்களுக்கு முன்னரே இதைச் செய்தவர்களும் உண்டு. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை வைத்தியர் 1920களிலேயே தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தங்கவைத்தார். தொற்றினால் எல்லாம் அழிந்துவிடவில்லை. ஆனால் ஒரு வாட்டில் நடந்த நல்லது மற்ற வாட்டுக்குப் போக முப்பது வருடம் எடுத்தது.

அறிக்கை வந்தது, கதவு திறக்கவில்லை

1959இல் சேர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் நலன் பற்றி அறிக்கை கொடுத்தது. 55 பரிந்துரைகள். பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளின் தாய்மார் கூடத் தங்க ஏற்பாடு வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. கதை முடிந்ததா? இல்லை. அறிக்கை அலுமாரியில் இருந்தது, வாட்டுக் கதவு பழையபடி பூட்டித்தான் இருந்தது.

1961இல் ரொபர்ட்சன் பத்திரிகைகளில் எழுதினார். பிபிசி தொலைக்காட்சியில் தன் படங்களின் காட்சிகளைக் காட்டினார். பெற்றோர்களைப் பார்த்து, உங்கட ஊர் ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள் என்றார். தெற்கு லண்டனின் பட்டர்சீ பகுதியில் சில இளம் தாய்மார் சேர்ந்தார்கள். தங்கள் பகுதி ஆஸ்பத்திரிகளில் அறிக்கை நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார்கள். அதே வருடம் ஒரு அமைப்புத் தொடங்கினார்கள். அது நாடு முழுவதும் கிளை விட்டது. கணக்கெடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், வாட்டு வாசலில் நின்று கதைத்தார்கள். கோட்பாடு இல்லாத, பட்டம் இல்லாத, கைக்குழந்தையோடு நின்ற பெண்கள்தான் அந்த அறிக்கையை அலுமாரியிலிருந்து வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் எங்களுக்கு ஒரு நெருடல் இருக்கிறது. போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் தாயின் அரவணைப்பு பிள்ளைக்கு அத்தியாவசியம் என்றார். ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க அது உதவியது. அதே வாதத்தை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிற பெண்களை 'பிள்ளையை விட்டிட்டுப் போறாள்' என்று குற்றவாளி ஆக்கவும் செய்தார்கள். இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. ஒரே தசாப்தம். டென்வரில் தாய் கூடிப்போனா. லண்டனில் தாய் குறைஞ்சு போனா. கூடினாலும் பழி, குறைந்தாலும் பழி. தகப்பன் என்ற ஒருவர் இருந்தார் என்பதை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட மறந்தே போயின.

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கேள்வி

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது கோட்பாடு இல்லை, கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் குப்பி. அதற்குப் பின்னாலும் ஒரு பெற்றோரும் பிள்ளையும் இருக்கிறார்கள். 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்துக் கம்பனித் தலைவர் ஜோர்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் பந்தை அமுக்கி, உடையக்கூடிய கண்ணாடி நெபுலைசரில் மருந்து இழுக்க வேண்டிய காலம். முடிக்கு அடிக்கிற ஸ்பிறே மாதிரி இந்த மருந்தையும் ஏன் ஒரு டின்னில் அடைக்க முடியாது என்று அவள் தகப்பனிடம் கேட்டாள். அவர் அதைச் சின்னப்பிள்ளைக் கதை என்று விடவில்லை. 1956இல் அளவோடு அடிக்கும் முதல் இன்ஹேலர் சந்தைக்கு வந்தது. நாங்கள் 'பம்ப்' என்று சொல்வது அதன் வழிவந்ததைத்தான்.

பம்ப் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1959க்கும் 1966க்கும் இடையில் 5 முதல் 34 வயது வரையானவர்களின் ஆஸ்துமா மரணம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. சந்தேகம் செறிவு கூடிய ஐசோப்ரெனலின் பம்ப்கள்மேல் விழுந்தது. மருந்தின் நச்சுத்தன்மையா, அல்லது பம்பை அடித்து அடித்து வீட்டிலேயே இருந்து ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதா என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது. 1968இல் வைத்தியரின் துண்டு இல்லாமல் அதை வாங்க முடியாது என்றாக்கினார்கள். அதன் பிறகு 1969இல் சல்பியூட்டமோல் வந்தது. 1972இல் மூச்சோடு இழுக்கும் ஸ்டீரொய்டான பெக்லோமெதசோன் வந்தது. முன்னது முட்டை உடனே தளர்த்துகிறது. பின்னது சுவாசக்குழாயின் அழற்சியைத் தணித்து, முட்டு வராமல் பார்த்துக்கொள்கிறது. நீல பம்ப், பிரவுன் பம்ப் என்று எங்கட வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்கள்தான்.

1968இல் எடின்பரோவில் இன்னொரு புதுமை நடந்தது. இடையில் ஒரு வைத்தியரின் கடிதம் இல்லாமல், ஆஸ்துமாக்காரர் தானே தீர்மானித்து நேரடியாக வாட்டுக்கு வரலாம் என்று ஒரு சேவை தொடங்கினார்கள். அதன் அர்த்தம் பெரியது: மூச்சு எப்போது கைமீறுகிறது என்று அந்த மூச்சோடு வாழ்கிறவருக்குத் தெரியும். சின்னப் பிள்ளையின் விஷயத்தில் அது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் படுத்து நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவருக்கு. முப்பது வருடமாக நோயின் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டவரே, நோயை முதலில் கண்டுபிடிக்கும் ஆளாக மாறினார்.

எங்கட வாட்டில்

எங்கட ஊர்ச் சிறுவர் வாட்டில் தாய் தங்கலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் தங்குகிறவர் எப்படித் தங்குகிறார் என்றும் பார்க்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்து, அல்லது கீழே ஒரு பாயில், அல்லது ஒரு பிளாஸ்டிக் கதிரையில். இரவில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நெபுலைசர். காலையில் வாட்டு ரவுண்ட் வரும்போது மூன்று நாள் நித்திரை இல்லாத கண்ணோடு, எத்தனை மணிக்கு இருமினவர், என்ன சாப்பிட்டவர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளை இருக்கும். நாட்சம்பளத்துக்குப் போகிற தாய் என்றால் அந்த நாட்களின் சம்பளம் இல்லை. இரவில் தகப்பன் நிற்க முடியாத வாட்டுகள் இன்னும் நிறைய. ஆக, உரிமை கிடைத்தது, ஆனால் அது ஒரே ஆளின் தோளில் கடமையாக இறங்கியது. இடம் இல்லை, பெண்கள் தங்குகிற வாட்டு என்ற காரணங்கள் விளங்குகின்றன. ஒரு காலம் தாயை வெளியே வைக்கவும் இதைவிட நல்ல காரணங்கள் இருந்தன என்பதையும் நாங்கள் இப்போதுதான் வாசித்தோம்.

பழியும் முழுதாகப் போகவில்லை, உருமாறியிருக்கிறது. 'பம்ப் அடிச்சாப் பழகிடும், பிறகு விடேலாது' என்று சொந்தக்காரர் சொல்ல, தாய் பிரவுன் பம்பை நிறுத்துகிறார். இரண்டு மாதத்தில் திரும்ப வாட்டு. அப்போது அதே சொந்தக்காரர் 'ஒழுங்கா மருந்து குடுக்கேல்லப் போல' என்கிறார். அழற்சியைத் தணிக்கிற மருந்தை ஒருவர் பழக்கத்துக்கு அடிமையாகி எடுப்பதில்லை. நோய் இருக்கிறபடியால் எடுக்கிறார். இதை அந்தத் தாய்க்கு மட்டும் விளங்கப்படுத்தினால் போதாது. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். அந்த வேலையை எங்கள் வயதுக்காரர் செய்யலாம். எங்களில் அநேகமானோருக்குத் தம்பி தங்கச்சியோ மருமக்களோ முட்டோடு இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பிள்ளைக்கு எந்த பம்ப் எப்போது, எத்தனை தரம், எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு என்று கிளினிக்கில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு, அதை அலுமாரிக் கதவில் ஒட்டலாம். ஸ்பேசரில் மருந்து கொடுக்க அப்பாவும் அண்ணாவும் பழகலாம். வீட்டுக்குள் சிகரெட்டும் நுளம்புத்திரியும் வேண்டாம் என்று சொல்லலாம். விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், ஒரு வசனத்தை முடிக்க மூச்சுப் போதாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பம்ப் அடித்தும் கொஞ்ச நேரத்தில் திரும்ப இழுத்தால், யார் பிழை என்று கதைக்க நேரமில்லை, உடனே கொண்டு ஓட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்கலாம்.

வாட்டில் மறித்தால் பகலில் இரண்டு மணித்தியாலம் போய் நின்று, தாயை வீட்டுக்கு அனுப்பிக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்பி வரச் சொல்லலாம். ரொபர்ட்சன் கமெரா வாங்கினார், பட்டர்சீத் தாய்மார் கடிதம் எழுதினார்கள். எங்களால் முடிந்தது அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் மாறி மாறி இருப்பது. ஆம்பிளைப் பிள்ளைகளை வாசலில் மறித்தால், ஏன் எண்டு மரியாதையாக ஒருக்காக் கேட்டும் பார்க்கலாம்.